மாட்டின் கண்

பசியாறியதும் வாய் கொப்பளித்துவிட்டுச்
சாரத்தில் ஏறுகிறேன்.
குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி
நாக்கில் தொட்டுச் சுவரில் உருட்டுகிறேன்.
ஒரு குச்சிக்கு ஐம்பது காசு அகலம் வெளுக்கும்.
அறுபது வருடச் சுருட்டுப் புகை
பஞ்சில் தேயிலை நிறமாக இறங்குகிறது.

ஆமாம், எச்சில்தான்.
பெட்டியில் புட்டிகள் இருக்கின்றன,
இந்தச் சாயம் அவற்றுக்குச் சீறுகிறது,
இதற்கு மட்டும் பணிகிறது.
செயலாளர் நவநீதன் முகம் சுளித்தார்:
நினைவு மண்டபத்தில் எச்சிலா?
அறிக்கையில் 'இயற்கை நொதிக் கரைசல்' என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டார்.

பெர்ரிக்காரன் ஊதும்போதெல்லாம்
துறைமுகக் காற்று உள்ளே வந்து உட்காருகிறது.
கூரை ஒழுகிய மூன்று மழைக்காலங்கள்,
சுவருக்குள்ளேயே குடியிருந்த கடல்,
இரண்டும் சேர்ந்து உப்பை வெளியே தள்ளிவிட்டன.
உப்புப் பூத்த இடத்தில் நீலத்தைத் தொட்டால்
விரலில் திருநீறு.

மூட்டை தூக்குகிறவர்கள் பதினோரு பேர்.
முகங்கள் பத்து.
ஏழாவது ஆளுக்குக் கழுத்து இருக்கிறது,
கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் தாயத்து,
அதற்கு மேலே வெறும் சுண்ணாம்பு.

முகமில்லாதவனுக்குத்தான் ஊரெல்லாம் சொந்தம்.
நவநீதன் வீட்டுப் பெரியவர் என்கிறார்கள்.
பிறையிலிருந்து ஒருத்தி
கல்யாணப் படத்தில் மாமனாரை மட்டும் வெட்டி
உறையில் போட்டு அனுப்பியிருக்கிறாள்.
வரைந்துவிடலாமே, எவ்வளவு நேரமாகும்?
அரை நாள்.
அரை நாள்தான். அதுதான் எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
மஸ்தான் கனி வந்தார், கையில் பிலிம் டப்பா.
"மழைன்னு உள்ள பந்தாடினோம் மிஸ்.
அடிச்சது நான்தான். பதினோரு வயசு."
டப்பாவில் பஞ்சு, பஞ்சில் கட்டைவிரல் நக அளவில்
ஒரு சுண்ணாம்புச் சில்லு,
சில்லில் ஒரு கண்.
"அம்பத்து மூணு வருஷம். நாலு வீடு மாறிட்டேன்.
மூடி போட்டாலும் பாக்கும்."

ஏழாவது ஆளிடம் கொண்டுபோனோம்.
வலது பக்கம் பிடித்தேன், இடது பக்கம் பிடித்தேன்,
ஓரம் ஓரத்தோடு பேசவில்லை.
யோக் லெங் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள்.
வெள்ளை விழியே இல்லை. முழுக்கப் பழுப்பு.
இமை மயிர் நீளம்.
ஒன்றும் சொல்லாமல் சாரத்தின் மறுகோடிக்கு நடந்தாள்,
வண்டி மாட்டின் நெற்றிக்குக் கீழே
'ஆணித் துளை' என்று நாங்கள் குறித்திருந்த பள்ளத்துக்கு.

பொருந்தியது.
பூட்டில் சாவி விழுகிற சத்தம்
இருவர் காதிலும் கேட்டது, சத்தமே இல்லாமல்.

"மாடா?" என்றார் மஸ்தான் கனி.
கொஞ்ச நேரம் நின்றார்.
"மனுசன்னு நெனச்சு வருசத்துக்கு மூணு நாள்
நோன்பு வச்சேனே மிஸ்."
பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.
சாரம் ஆடியது,
யோக் லெங் சாயக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது முகத்தை
இந்த வாரம் கோடுகளால் நிரப்புகிறேன்.
முடி கனத்தில், மேலிருந்து கீழாக,
மண் நிறம், சாம்பல், திரும்ப மண் நிறம்.
வாசலில் நிற்பவர் கண் அதில் தடுக்கி விழாது.
கிட்ட வந்தவருக்கு
இங்கே ஒருவரும் இல்லை என்று பளிச்சென்று தெரியும்.
நவநீதனுக்குத் திருப்தியில்லை.
மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்கிறார்.
இருக்கட்டும்.

மஸ்தான் கனி இப்போது தினமும் வருகிறார்.
மாட்டுக்கு ஒரு சலாம், பிறகு நாற்காலி.
இன்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
"அப்ப இவன் மூஞ்சிய ஒடச்சது யாரு?"

குச்சியில் பஞ்சைச் சுற்றினேன்.
வாய் உலர்ந்திருந்தது.
"கோப்பி சொல்லட்டா மிஸ்?"
வேண்டாம் அங்கிள், சீனி ஆகாது சுவருக்கு.
வெறும் தண்ணி போதும்.